ஆலோசனைக் குழுவின் முதல் உறுப்பினர்

(ஆரோவில்லை அடுத்த சிற்றூர் ஒன்றில், மாவட்டத் தோழர்களுக்கென நடைபெற்ற பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்.)



நாம் கூடியிருக்கும் இந்த மண்ணுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. 1968-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள், 124 நாடுகளின் மண்ணைக் கொணர்ந்து ஒரே தாழியில் இட்டு, மாந்தர் அனைவரும் வேற்றுமையின்றி வாழ்வதற்கென்று ஒரு நகரத்தை இங்கே தொடங்கினார்கள். அன்று இது செம்மண் பொட்டல். இன்று இது சோலை. சுற்றுக் கிராமங்களின் பிள்ளைகளுக்கென்று இசையம்பலம், உதவி, ஐக்கியம் என்னும் பெயர் கொண்ட பள்ளிகளும் இங்கே நடைபெறுகின்றன. நல்லவற்றை நல்லவை என்று சொல்லுவதில் நமக்குத் தயக்கமில்லை.

ஆனால், இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே ஒரு மணி நேரப் பயணம் போய்ப் பாருங்கள். மரக்காணம் வரும். சாலையின் ஓரத்திலே கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாத்தி பாத்தியாக உப்பளங்கள். அங்கே வெயிலில் வெண்மை கண்ணைப் பறிக்கும். அந்தக் கூசும் ஒளியில், உப்பு அரித்த கால்களோடு, வாருபலகை பிடித்து உப்பை வாரி அம்பாரம் குவிக்கிறார்கள் நம் உடன்பிறப்புகள். நம் வீட்டுச் சோற்றில் சுவையாயிருப்பது அவர்கள் பிழிந்தெடுத்த வியர்வை. 124 நாட்டு மண் கூடிய இடத்திற்கும் அந்த உப்புப் பாத்திக்கும் இடையிலுள்ள தொலைவு சில கல்தான். அந்தத் தொலைவை எப்படிக் கடப்பது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, ‘குழந்தைகளின் வறுமையைக் குறைக்க மாநில அரசின் ஆலோசனைக் குழுக்கள் ஆற்றும் பணி’ என்பது. தலைப்பைப் படித்ததும் சில தோழர்களின் முகம் வாடியதைக் கண்டேன். குற்றமில்லை. ஆலோசனைக் குழு என்றால் நமக்கு நினைவுக்கு வருவது நீண்ட மேசை, தடித்த அறிக்கை, அதைப் பூட்டி வைக்கும் அலமாரி. போராட்டம் என்றால் தோள் தினவெடுக்கும் தோழர்களுக்கு இந்தப் பொருள் உப்புச் சப்பற்றதாகத் தோன்றலாம். ஆனால் உப்புள்ள ஊரில் நின்றுகொண்டு பேசுகிறேன்; சற்றே பொறுத்துக் கேளுங்கள்.

உப்பளத்து ஆண்டு

தோழர்களே! உழவனுக்கு ஓர் ஆண்டு உண்டு. உப்பளத் தொழிலாளிக்கு வேறோர் ஆண்டு. தை, மாசியில் பாத்திகள் சீராகின்றன. பங்குனி தொடங்கி வெயில் ஏற ஏற உப்பு விளைகிறது. ஊரெல்லாம் ‘அப்பாடா, மழை வரவேண்டும்’ என்று வானைப் பார்க்கும்போது, ‘ஐயோ, மழை வந்துவிடக் கூடாதே’ என்று வானைப் பார்க்கிறவன் உப்பளத் தொழிலாளி. புரட்டாசி முடிந்து வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால், பாத்தி குளமாகிவிடும். அக்டோபர், நவம்பர், டிசம்பர் — மூன்று திங்கள் வேலையில்லை. வேலையில்லையேல் கூலியில்லை. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு புதுவைக் கடலோரத்தில் கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளக்காடாய்க் கிடந்ததை நீங்களே கண்டீர்கள்.

அந்த மூன்று திங்களுக்கென்று உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு ஐயாயிரம் ரூபாய் மழைக்கால உதவி வழங்கும் திட்டத்தை அண்மை ஆண்டுகளில் அரசு கொண்டுவந்தது. முன்பு ஒன்றுமில்லை, பின்பு ஐயாயிரம் வந்தது. வரவேற்போம். ஆனால் கணக்கும் போடுவோம். அக்டோபர் முதல் டிசம்பர் முடிய 92 நாள். 5,000 ரூபாயை 92 நாளுக்குப் பங்கிட்டால், நாளொன்றுக்கு 54 ரூபாய். நால்வர் உள்ள வீட்டில், ஆளொன்றுக்குப் பதின்மூன்றரை ரூபாய்.

இப்போது அந்த வீட்டிலே எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை எண்ணிக்கொள்ளுங்கள். அவளுக்கு எந்தப் பெயரை வேண்டுமானாலும் சூட்டுங்கள். உங்கள் தெருவிலேயே அவள் இருக்கிறாள். ஆடி மாதத்தில் அவள் பசி பெரும்பசியன்று. அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் உப்பளத்தில் கூலி உண்டு. காலையில் பள்ளியில் சிற்றுண்டி, நண்பகலில் முட்டையோடு சத்துணவு. ஐப்பசி பிறக்கிறது. பாத்தி மூழ்குகிறது. கூலி நிற்கிறது. அப்போதாவது பள்ளி அவளுக்குத் துணை நிற்க வேண்டும் அல்லவா? ஆனால் அந்த மழைக்காலத்தில்தான், ‘கனமழை காரணமாகப் பள்ளிகளுக்கு விடுமுறை’ என்று மாவட்ட ஆட்சியர் அறிவிக்கிறார். அறிவிக்கத்தான் வேண்டும், பிள்ளைகளை வெள்ளத்தில் நடக்கவிட முடியாது. அதன்பின் டிசம்பர் இறுதியில் அரையாண்டு விடுமுறை. பள்ளிக் கதவு மூடினால், பள்ளியின் அடுப்பும் அணைகிறது.

கூர்ந்து நோக்குங்கள், தோழர்களே. வீட்டு அடுப்பும் பள்ளி அடுப்பும் ஒரே வாரத்தில் அணைகின்றன. யாரும் திட்டமிட்டு இதைச் செய்யவில்லை. உப்பளம் ஒரு துறையின் கோப்பில், பள்ளி மற்றொரு துறையின் கோப்பில், சத்துணவு இன்னொரு துறையின் கோப்பில், வெள்ள நிவாரணம் வேறொரு துறையின் கோப்பில் இருக்கின்றன. நான்கு கோப்புகளும் சந்திக்கும் இடம் ஒன்றே ஒன்று. அது அந்தச் சிறுமியின் வயிறு. நான்கு துறைகளையும் ஒருசேர நோக்கி, ‘இங்கே ஓர் ஓட்டை இருக்கிறது’ என்று சொல்ல வேண்டிய பொறுப்பு யாருடையது? அதற்காகத்தான் ஆலோசனைக் குழு. உப்புச் சப்பற்ற பொருளன்று இது.

கால்வாய் சொல்லும் கதை

ஆலோசனை என்பது இரு பக்கமும் கூருள்ள வாள். அதற்குச் சான்று தேடிச் சீமைக்குப் போக வேண்டாம், மரக்காணத்திலேயே இருக்கிறது. வடக்கே ஆந்திரத்திலிருந்து சென்னை வழியாக வரும் பக்கிங்காம் கால்வாய் மரக்காணத்தோடு முடிகிறது. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் நெஞ்சு நடுங்கச் சொன்னார்களே, அந்தக் கொடும் பஞ்ச காலத்தில், 1877–78-இல், சென்னையில் அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடைப்பட்ட பகுதியைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். எலும்பும் தோலுமான மக்கள் கூடை சுமந்து வெட்டிய கால்வாய் அது.

அந்த 1877-இன் தொடக்கத்தில், இந்திய சர்க்காரின் சார்பில் சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி சென்னை மாகாணத்துக்கு ஆலோசனை கூற வந்தார். செலவு மிகுந்துவிட்டது, குறைக்க வேண்டும் என்பது அவருக்கிட்ட பணி. நாள் முழுதும் மண் சுமக்கும் ஆண்மகனுக்கு ஒரு ராத்தல் தானியத்துக்கான கூலியும் சிறு காசும் போதும் என்றார். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அந்த ஆலோசனை ஆணையாயிற்று. அதை எதிர்த்து எழுந்தவர் மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த மருத்துவர் கார்னிஷ். அவரும் வெள்ளையர்தாம், அவரும் சர்க்கார் உத்தியோகஸ்தர்தாம். ஆனால் அவர் கணக்கேட்டை மட்டும் பாராமல், முகாம்களில் கிடந்த உடல்களைப் பார்த்தார். உழைக்கும் உடலை இந்த உணவு தாங்காது என்று எழுத்தில் வாதிட்டார். சில திங்களில் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் மாண்டவர்கள் மாண்டார்கள்.

இருவரும் ஆலோசகர்கள், இருவரும் படித்தவர்கள். ஒருவர் கருவூலத்தைக் கேட்டு ஆலோசனை சொன்னார். மற்றவர் பசித்தவனைப் பார்த்து ஆலோசனை சொன்னார். ஆகவே எந்தக் குழு அமைந்தாலும் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, ‘குழுவில் எத்தனை பேர் பட்டதாரிகள்’ என்பதன்று. ‘யாரைக் கேட்டுவிட்டு இதைச் சொல்கிறீர்கள்’ என்பதே அந்தக் கேள்வி.

ஒரு குழந்தையின் விடை

நம் நாட்டில் குழந்தைப் பசியைத் தணித்த பெருந்திட்டங்களின் வரலாற்றைப் புரட்டுங்கள். எந்தக் கட்சி செய்தது என்ற கணக்கை இன்று ஒருபுறம் வைத்துவிட்டுப் புரட்டுங்கள். 1920-இல் சென்னை மாநகராட்சியில், நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பிள்ளைகளுக்கு உணவு வழங்கத் தீர்மானித்தார்கள். மாணவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவு. அந்த ஓரணாவையும் மிகையென்று கண்ட கணக்குப் பார்வையால் 1925-இல் அது நிறுத்தப்பட்டது. 1927-இல் மீண்டும் தொடங்கிற்று.

பின்னர் காமராசர். மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனைப் பார்த்து, ‘ஏன் பள்ளிக்குப் போகவில்லை?’ என்று அவர் கேட்க, ‘போனால் சோறு போடுவார்களா?’ என்று அவன் திருப்பிக் கேட்டான் என்று நாட்டில் வழங்கும் செய்தியை அறியாதவர் இல்லை. 1956-இல் மதிய உணவுத் திட்டம் பிறந்தது. கல்வித்துறை இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று, ஊராரிடம் அரிசியும் பருப்பும் திரட்டி, அதை இயக்கமாக்கினார். அரசின் நிதி பின்னால் வந்தது. மக்களின் கை முன்னால் நீண்டது.

1982 சூலை முதல் நாள், எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இளமையில் தாம் பட்ட பசியே இதற்குக் காரணம் என்று சொன்னார். ‘வீண் செலவு’ என்று கூறிய அறிஞர்கள் அன்று உண்டு. 1989-க்குப் பின் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. படிப்படியாகக் கூடி, 2010-இல் வாரம் ஐந்து முட்டை என்றாயிற்று. இடையிலே 2001 நவம்பர் 28-ஆம் நாள், எல்லா மாநிலங்களும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. எது வீண் செலவென்று பழிக்கப்பட்டதோ, அதுவே இந்தியா முழுமைக்கும் வழியாயிற்று.

2022-இல் காலைச் சிற்றுண்டித் திட்டம் வந்த கதையும் அத்தகையதே. சென்னைப் பள்ளியொன்றுக்குச் சென்றபோது, ‘ஏன் சோர்வாக இருக்கிறீர்கள்?’ என்று மாணவியரைக் கேட்டதையும், ‘காலையில் சாப்பிடவில்லை’ என்று அவர்கள் சொன்னதையும் அன்றைய முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் மேடையிலேயே எடுத்துரைத்தார்.

இந்தக் கதைகளில் ஆலோசனை வழங்கியவர் யார்? மாடு மேய்த்த சிறுவன். பசித்த இளமையின் நினைவு. காலையில் உண்ணாத மாணவி. குழந்தைதான், தோழர்களே, ஆலோசனைக் குழுவின் முதல் உறுப்பினர்! அந்த உறுப்பினருக்கு நாற்காலி இல்லை, படித்தொகை இல்லை. ஆனால் அந்த உறுப்பினரின் குரல் அறைக்குள் எட்டியபோதெல்லாம் நாடு ஓரடி முன்னேறியிருக்கிறது.

குழுக்கள் செய்தது என்ன?

அப்படியானால் அறிஞர் குழுவே வேண்டாமா? வேண்டும். குழந்தையின் குரல் ஒரு வீட்டின் உண்மையைச் சொல்லும். அதே உண்மை எத்தனை ஆயிரம் வீடுகளில் உண்டு, எந்த மாதத்தில் உண்டு, எவ்வளவு பணத்தில் தீரும் என்று சொல்வது அறிஞர் வேலை. தமிழ்நாட்டில் மாநிலத் திட்டக்குழு 1971-இல் அமைந்தது. முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட அது, ஆலோசனை கூறும் அமைப்பு. 2020-இல் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழு என்று பெயர் மாற்றம் பெற்று, பின்னர் மீண்டும் பழைய பெயருக்கே திரும்பிற்று. 2021-இல் முதலமைச்சருக்கென்று பொருளாதார ஆலோசனைக் குழு ஒன்றும் அறிவிக்கப்பட்டது. எஸ்தர் டூப்ளோ, ரகுராம் ராசன், அரவிந்த் சுப்பிரமணியன், நாராயண் ஆகியோரோடு, பள்ளி உணவுக்காகவும் உணவு உரிமைக்காகவும் நெடுங்காலம் எழுதிவந்த ழான் திரேசும் அதில் இடம்பெற்றார். இவையன்றி, 2005-ஆம் ஆண்டு நடுவண் சட்டத்தின்படி, தலைவரும் ஆறு உறுப்பினரும் கொண்ட குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் மாநிலந்தோறும் உண்டு. அதுவும் விசாரிக்கலாம், பரிந்துரைக்கலாம்.

காலைச் சிற்றுண்டி முதலில் 1,545 பள்ளிகளில் தொடங்கியது. அதன் பயனை மாநிலத் திட்டக்குழு ஆராய்ந்தது. கணக்கெடுத்த 1,543 பள்ளிகளில் 1,319 பள்ளிகளில் பிள்ளைகளின் வருகை கூடியிருந்தது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், அடுத்து 2024-இலும் 2025-இலும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் திட்டம் விரிந்தது. ஒரு குழந்தையின் விடை திட்டமாகி, திட்டத்தின் பயனைக் குழு அளந்தது. குழு வேலை செய்வதென்றால் இப்படித்தான் செய்ய வேண்டும்.

இரண்டும் இருபத்தைந்தும்

இனி, குழுக்களின் கண்ணுக்குத் தப்புவது என்ன என்று பார்ப்போம். நிதி ஆயோக் வெளியிட்ட பன்முக வறுமைக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் ஏழைகள் 2015–16-இல் நூற்றுக்கு 4.76, 2019–21-இல் நூற்றுக்கு 2.20. மகிழத்தக்க செய்திதான். ஆனால் அந்தக் கணக்குக்கு அடிப்படையான அதே தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைத் திருப்பிப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில், வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியோர் நூற்றுக்கு 25. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் இரத்தச் சோகை உடையோர் நூற்றுக்கு 57.4.

ஏழைகள் இரண்டு, குன்றிய குழந்தைகள் இருபத்தைந்து! இதில் எது பொய்? எதுவும் பொய்யன்று. அளக்கும் படி வேறு. பன்முக வறுமைக் கணக்கில் பன்னிரண்டு குறைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை கொடுத்திருக்கிறார்கள். மொத்த எடையில் மூன்றிலொரு பங்கு எட்டினால்தான் அந்த வீடு ஏழை வீடு. ஊட்டச்சத்துக் குறைவுக்கு உரிய எடை ஆறிலொரு பங்கு. வீட்டுக்கு மின்விளக்கு உண்டு, வங்கிக் கணக்கு உண்டு, எரிவாயு உண்டு. குழந்தை மட்டும் மெலிந்திருக்கிறது என்றால், அந்த வீடு ஏழைகளின் கணக்கில் வாராது. குழந்தை மெலிந்தது மெலிந்ததுதான். ஏட்டிலே அதன் வீடு கரையேறிவிட்டது.

இன்னொன்றும் சொல்லுகிறேன். அந்தக் கணக்கெடுப்பின் களப்பணி தமிழ்நாட்டில் 2020-இலும் 2021-இலும், பெரும்பகுதி சனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் நடைபெற்றது. சனவரி என்றால் தை; பாத்தியில் வேலை தொடங்கும் காலம். கணக்கெடுப்போர் கதவைத் தட்டியபோது கார்த்திகையின் பசி கடந்துபோய்விட்டது. யாரையும் குறை கூறவில்லை. கணக்கெடுப்போருக்கு எல்லா மாதமும் ஒன்றுதான். உப்பளத்துக் குழந்தைக்கு அப்படியன்று. ஆண்டுச் சராசரியை உண்டு எந்தக் குழந்தையும் பசியாறியதில்லை.

மரக்காணத்தை அடுத்த கழுவெளியை 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். மழைநீர் நிறைந்ததும் எங்கெங்கிருந்தோ பறவைகள் வந்து இறங்குகின்றன. பருவமறிந்து அவற்றை எண்ணுகிறார்கள். மிக நல்ல பணி. அதே மழையில், அதே கரையில், அடுப்பெரியாத வீட்டுக் குழந்தைகளையும் பருவமறிந்து எண்ணுங்கள் என்று கேட்பது தவறா?

இலக்கும் நாளும்

வெளிநாடுகளில் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவிலே நியூயார்க் மாநிலம், குழந்தை வறுமையைப் பத்தாண்டில் பாதியாக்குவது என்று 2021-இல் சட்டமியற்றி, அதற்கென்றே ஓர் ஆலோசனைக் குழுவை வைத்தது. அந்தக் குழு 2024 டிசம்பரில் பரிந்துரை தந்தது. 2025 வரவு-செலவுத் திட்டத்தில், நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் வரை வரிச்சலுகையாகக் கிடைக்க வழி பிறந்தது. குழு கேட்டது இதனினும் மிகுதி. ஆயினும் என்ன கேட்டது, என்ன கிடைத்தது என்பது ஊரறிந்த செய்தியாயிற்று. ஸ்காட்லாந்து 2017-இல் சட்டமியற்றியது. 2023–24-க்குள் குழந்தை வறுமையை நூற்றுக்கு 18-க்குக் கீழே கொணர்வோம் என்றது, முடியவில்லை, 22-இல் நின்றது. ‘தவறினோம்’ என்று அரசே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. நியூசிலாந்தில் 2018-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வரவு-செலவுத் திட்டம் வைக்கும் நாளிலேயே குழந்தை வறுமைக் கணக்கையும் மன்றத்தில் வைக்க வேண்டும்.

அவர்கள் நம்மினும் அறிவாளிகள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பள்ளியில் சோறிடுவதில் அவர்களுக்குப் பாடம் சொல்லத்தக்க நிலையில் இருக்கிறோம் நாம். ஆனால் அவர்களிடம் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. ஆலோசனைக்கு ஓர் இலக்கும், இலக்குக்கு ஒரு நாளும், நாள் தவறினால் ஒரு தலைகுனிவும் சட்டத்தில் இருக்க வேண்டும். நம் மாநிலத்தில் அப்படியொரு சட்டம் இல்லை. இந்தியாவின் வரவு-செலவுத் திட்டத்தில் குழந்தைகளுக்கான ஒதுக்கீடு 2008–09 முதல் தனி அறிக்கையாக வைக்கப்படுகிறது. ஒதுக்கீடு தெரிகிறது, எந்த நாளுக்குள் எவ்வளவு பசி குறையும் என்பது தெரியவில்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. ஒன்று: குழந்தை வறுமைக்கென இலக்கும் ஆண்டும் குறித்த மாநிலச் சட்டம். இரண்டு: ஆலோசனைக் குழுக்களின் அறிக்கைகள் அலமாரிக்குப் போகாமல், ஒவ்வொரு பரிந்துரைக்கும் ‘ஏற்றோம்’ அல்லது ‘ஏற்கவில்லை, காரணம் இது’ என்ற விடையோடு சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். மூன்று: உப்பளக் கரையிலும், மீன்பிடித் தடைக்காலத்து மீனவர் குப்பங்களிலும், செங்கற்சூளைகளிலும் வேலையற்ற திங்கள்களைத் தனியே கணக்கிட்டு, மழை விடுமுறை நாள்களுக்குப் பள்ளி உணவை உலர்பொருளாக வீட்டுக்கு வழங்க வேண்டும்.

‘பணம் எங்கே?’ என்பார்கள். 1920-இன் ஓரணாவுக்கும் அதே கேள்விதான் எழுந்தது. கணக்கைப் பாருங்கள். தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு நாட்டளவில் வகுத்த அரிசி, நண்பகலுக்கு நூறு கிராம். பத்து நாள் மழை விடுமுறைக்கு ஒரு கிலோ அரிசி; நாளுக்கொன்றாகப் பத்து முட்டை; கொஞ்சம் பருப்பு. பள்ளி நடந்திருந்தால் எப்படியும் செலவாகியிருக்க வேண்டிய பொருள் இது. ‘நடைமுறையில் முடியாதே’ என்பார்கள். 2020-இல் கொள்ளைநோயால் பள்ளிகள் அடைபட்டபோது, அரிசியும் பருப்பும் முட்டையும் உலர்பொருளாக இதே தமிழ்நாட்டில் வழங்கப்பட்டன. நாடே முடங்கிய நாளில் முடிந்தது, மழை நாளில் முடியாதா?

நம் பங்கு

தோழர்களே! கோரிக்கையை எழுதிச் சென்னைக்கு அனுப்பிவிட்டு நாம் உறங்கிவிடலாகாது. கோட்டையில் கூடும் ஆலோசனைக் குழுவைக் குறை சொல்லும் நாம், நம் ஊரிலேயே இருக்கும் ஆலோசனைக் குழுவை என்ன செய்தோம்? 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். உப்புச் சுமக்கும் தாய் அங்கே உறுப்பினராக அமரலாம். அமர்ந்திருக்கிறாளா? அமர்ந்தவள் பேசுகிறாளா? பேசியது ஏட்டில் ஏறுகிறதா? போய்ப் பார்த்தோமா?

கிராம சபை அக்டோபர் 2-இலும், உள்ளாட்சி நாளான நவம்பர் 1-இலும் கூடுகிறது. முன்னது மழையின் வாயிலில். பின்னது மழையின் நடுவில். நாளை நமக்கு வாய்ப்பாக யாரோ குறித்து வைத்ததைப் போல இருக்கிறது! எனவே வேலைத்திட்டம் எளியது. புரட்டாசிக்குள், உப்பளத்தை நம்பி வாழும் வீடுகளை வீடுவீடாக எண்ணுங்கள். எந்தக் கட்சிக்கு வாக்களிக்கும் வீடு என்று கேட்காதீர்கள். எத்தனை குழந்தைகள், எந்தப் பள்ளி, மழைக்கால உதவி வந்ததா இல்லையா, பதிவு அட்டை உண்டா இல்லையா — இவற்றை மட்டும் கேளுங்கள். அட்டை இல்லாதவருக்கு அட்டை வாங்கித் தருவது நம் முதல் வேலை. அக்டோபர் 2-இல் அந்தப் பட்டியலைக் கிராம சபையில் வையுங்கள். நவம்பர் முதல் நாள், மழை விடுமுறைக்கு உலர் உணவு என்ற தீர்மானத்தை நிறைவேற்றச் செய்யுங்கள். ஒவ்வொரு மழை விடுமுறை நாளையும் குறித்து வையுங்கள். அன்று எத்தனை வீட்டில் அடுப்பெரிந்தது என்பதையும் குறித்து வையுங்கள். தையில் அந்த ஏட்டை எடுத்துக்கொண்டு திட்டக்குழுவின் கதவைத் தட்டுவோம். ‘நீங்கள் அளக்காத மாதத்தை நாங்கள் அளந்து வந்திருக்கிறோம்’ என்று சொல்வோம். மேடையில் முழங்கும் நூறு கண்டனங்களைவிட அந்த ஒரு ஏடு வலிமையுடையது. 1877-இல் மருத்துவர் கார்னிஷ் கையிலிருந்ததும் அத்தகைய குறிப்புகள்தான்.

இன்னும் ஒன்று. பட்டியல் எடுக்கப் போகும்போது, பெரியவர்களிடம் பேசிவிட்டுத் திரும்பி விடாதீர்கள். திண்ணையின் ஓரத்தில் அந்த எட்டு வயதுச் சிறுமி நின்றுகொண்டிருப்பாள். ‘இன்றைக்கு என்ன சாப்பிட்டாய், அம்மா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவள் சொல்லும் விடையை, அவள் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். பட்டியலின் முதல் வரி அதுவாகட்டும்.

அந்த வரி சென்னைக்குப் போய்ச் சேரும்வரை நமக்கு ஓய்வில்லை.